காலிப் பணியிடத்துக்கு ஒரு டம்ளர் டீ

ஊத்துமேடு அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியர் பணியிடம் வருஷக்கணக்காகக் காலியாகக் கிடந்து கிடந்து, ஒருநாள் பொறுக்க முடியாமல் தானே எழுந்து வகுப்புக்குப் போய்ப் பாடம் எடுக்க ஆரம்பித்தது. இதைச் சொன்னால் என் விடுதித் தோழிகள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: ஆளே இல்லாமல் சாக்பீஸ் எப்படி அந்தரத்தில் நிற்கும்? அதற்கு நான் பதில் சொல்வதாக இல்லை. கணக்கு ஆசிரியர் என்றால் எப்படி இருப்பார் என்றே தெரியாமல் பிள்ளைகள் வருஷா வருஷம் பொதுத்தேர்வு எழுதப் போனார்களே, அது எப்படி நடக்கும் என்று ஒருத்தரும் ஆச்சரியப்படவில்லை. சாக்பீஸுக்கு மட்டும் ஆச்சரியம் வேண்டுமாக்கும்.

பைபாஸ் சாலைக்கும் செங்கல் சூளைகளுக்கும் நடுவில் இருக்கிறது பள்ளிக்கூடம். மூன்று கட்டடங்கள். ஒன்றை இடிந்துவிடும் என்று பூட்டி வைத்திருக்கிறார்கள். மற்ற இரண்டும் ஏன் இடியாது என்று கேட்டால் யாரிடமும் காரணம் இல்லை. தலைமையாசிரியை எஸ்தர் சுகந்தி டீச்சர் சமூக அறிவியல் எடுப்பார், கிளார்க் இல்லாததால் கிளார்க் வேலையும் பார்ப்பார், தண்ணீர் மோட்டார் ஓடவில்லை என்றால் அதன் தலையில் தட்டி ஓடவைப்பதும் அவர்தான். வில்வநாதன் ஐயாவுக்குத் தமிழ், ஓவியம், மழைக்காலத்தில் ஒழுகும் இடங்களுக்கு வாளி வைப்பது. சத்துணவு சமைக்கும் பேச்சியம்மா அக்கா மணி அடிப்பார், அடிபட்ட முழங்காலுக்கு மஞ்சள் வைப்பார், வகுப்பில் பாம்பு புகுந்தால் கரண்டியோடு போவார். காஜா மைதீன் சாருக்கு அறிவியலும் ஆங்கிலமும், புதன்கிழமைகளில் கணினியும். கணினி என்றால், அட்டைப்பெட்டியைப் பிரிக்காமல் வெளியிலிருந்தே விளக்குவார், ஏனென்றால் அதைச் செருகுவதற்கு அந்த அறையில் பிளக் பாயின்ட் இல்லை. கணக்கும் அவர் தலையில்தான். கரும்பலகையில் கணக்கை எழுதுவார், சற்று நேரம் அதைப் பார்ப்பார், பிள்ளைகளும் பார்ப்பார்கள், மணி அடித்துவிடும்.

அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் இருந்தது. ஆசிரியர் அறையில் கணக்கு ஆசிரியருக்கான நாற்காலியை எடுக்கவே கூடாது. ஒருமுறை நூலக அறையில் அரிசி மூட்டை வைக்க இடமில்லாமல் நூலகரின் நாற்காலியைத் தூக்கி வெளியே போட்டார்கள். அடுத்த வருஷமே அந்தப் பள்ளிக்கு நூலகர் பணியிடம் என்ற ஒன்று இருந்ததே இல்லை என்று மேலிருந்து தகவல் வந்துவிட்டது. அன்றிலிருந்து எஸ்தர் டீச்சர் உஷாராகிவிட்டார். கணக்கு நாற்காலியைத் தினமும் துடைக்கச் சொல்வார், அதற்கு முன்னால் மேசையில் ஒரு பெட்டி சாக்பீஸும் டஸ்டரும் இருக்கும், பதினோரு மணி டீ வரும்போது எல்லாருக்கும் ஊற்றுகிற மாதிரி அதற்கும் ஒரு டம்ளர் ஊற்றி வைக்கச் சொல்வார். "இருக்கறவங்களுக்குத் தர்ற மரியாதையை இல்லாதவங்களுக்கும் தரணும், அப்பத்தான் வர்றவங்களுக்கு இடம் இருக்கும்" என்பார். ஆறிப்போன அந்த டீயைப் பேச்சியம்மா அக்கா இடைவேளை முடிந்ததும் கழிவுநீர்க் குழாயில் ஊற்றிவிடுவார். வருஷக்கணக்கில் இப்படி நாற்காலியும் டீயும் கொடுத்து ஒரு காலியைப் பழக்கினால் அதற்கும் ஒரு ரோஷம் வராதா என்ன? என்னைக் கேட்டால் காரணம் அவ்வளவுதான். இதற்குமேல் காரணம் தேட எனக்குப் பொறுமை இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வருகிற நாளில் பள்ளி வாசலில் ஒரு வெள்ளை வேன் வந்து நிற்கும். வடக்கே எங்கோ இருக்கும் ஒரு பஞ்சாலையின் வேன் அது. ஓட்டி வருபவர் சிரித்த முகமாக ஒரு பை நிறைய மிட்டாய் கொண்டுவருவார், பாஸான பிள்ளைகளுக்கும் கொடுப்பார், ஆனால் அவர் வருவது தோற்ற பெண் பிள்ளைகளுக்காக. "சும்மா வீட்ல இருக்கறதுக்கு மூணு வருஷம் வேலை பார்க்கட்டும், கல்யாணச் செலவுக்கு ஆகும்" என்று அப்பாக்களிடம் பேசுவார். ஊத்துமேட்டில் தோற்பது என்றால் கணக்கில் தோற்பதுதான், வேறு பாடத்தில் தோற்க அங்கே யாருக்கும் நேரம் இருந்ததில்லை. பத்தாம் வகுப்பில் தாமரைக்கனி என்று ஒரு பெண் படித்தாள். அவளுடைய அக்கா அந்த வேனில் ஏறிப் போனவள், திரும்பி வந்தபோது பஞ்சுத் தூசி இருமலையும் கூடவே கொண்டுவந்தாள். அக்காவைப் பார்த்தாவது அப்பா மனம் மாறியிருக்க வேண்டும் இல்லையா? அவரோ, "இவ கணக்குல போனா இவளுக்கும் வேன்தான், நான் என்ன பண்ண" என்று வானிலை சொல்வது மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆடிக்காற்று செம்மண்ணை வாரி ஜன்னல் வழியாக வகுப்புக்குள் கொட்டிக்கொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, பத்தாம் வகுப்பில் யாரும் வராத மூன்றாம் பீரியடில், பிள்ளைகள் பேசிக்கொண்டும் அடித்துக்கொண்டும் இருந்தபோது, ஆசிரியர் அறையிலிருந்து ஒரு சாக்பீஸ் தோள் உயரத்தில் மிதந்து வராந்தா வழியாக வந்து, கதவருகே ஒரு நொடி நின்று, உள்ளே நுழைந்து, கரும்பலகையின் வலது மூலையில் அன்றைய தேதியை எழுதியது. பிள்ளைகள் எழுந்து நின்று "வணக்கம் டீச்சர்" என்றார்கள். உட்காருங்கள் என்கிற மாதிரி டஸ்டர் மேசையில் இரண்டு தட்டுத் தட்டியது. உட்கார்ந்தார்கள். இருபடிச் சமன்பாடு.

ஐந்தாவது வரி எழுதும்போது தாமரைக்கனி கையைத் தூக்கினாள். "டீச்சர், ரெண்டாவது வரியிலருந்து மூணாவது எப்படி வந்துச்சுன்னு புரியல."

சாக்பீஸ் நின்றது. பின்னால் வந்தது. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் விட்டுப்போன படியைச் சின்ன எழுத்தில் எழுதி, அடிக்கோடிட்டு, அவள் பக்கமாகத் திரும்பி நின்றது. அவளுக்குப் புரியவில்லை. வேறு எண்களைப் போட்டு இன்னொரு தரம் எழுதியது. அவளுக்கு அப்போதும் புரியவில்லை. மூன்றாம் தரம் ஒரு கொல்லையை வரைந்து, அதன் நீளத்தையும் அகலத்தையும் எழுதி, வேலி போட்டது. "ஓ!" என்றாள் தாமரைக்கனி. அந்த "ஓ" பக்கத்து வகுப்பில் இருந்த காஜா மைதீன் சாருக்குக் கேட்டது; அவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார், ஆளில்லாமல் நடக்கும் பாடத்தைப் பார்த்தார், "அல்லாவே, இனி கணக்கு எனக்கில்ல" என்று நெஞ்சில் கைவைத்து, தன் வகுப்புக்குப் போய் அந்த வருஷத்தின் முதல் முழு அறிவியல் பாடத்தை நடத்தினார்.

அன்று பதினோரு மணிக்குக் கணக்கு நாற்காலியின் முன்னால் வைத்த டீ குறைந்தது. முதலில் கால் டம்ளர், பிறகு அரை. பேச்சியம்மா அக்கா இடுப்பில் கைவைத்து நின்று பார்த்துவிட்டு, "சக்கர போதுமா?" என்று கேட்டார். டம்ளர் ஒரு அங்குலம் முன்னால் நகர்ந்தது. இன்னும் கொஞ்சம் போட்டார்.

இப்படித்தான் அது எங்கள் ஊரோடு சேர்ந்துகொண்டது. அதைக் காலி டீச்சர் என்று கூப்பிட்டார்கள். அது சாரா, டீச்சரா என்று ஆசிரியர் அறையில் பெரிய தகராறு. எழுத்து குண்டு குண்டாக இருப்பதால் டீச்சர்தான் என்றார் எஸ்தர் டீச்சர், தவறு செய்த பையனின் தலையில் சாக்பீஸ் குறிதவறாமல் விழுவதால் சார்தான் என்றார் வில்வநாதன் ஐயா, கடைசியில் பிள்ளைகள் என்ன கூப்பிடுகிறார்களோ அதுவே என்று விட்டுவிட்டார்கள். பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவரும் ஹார்டுவேர் கடை முதலாளியுமான கோட்டைச்சாமி அண்ணன் ஒரு பாராட்டு விழா வைத்தார். நாற்காலிமேல் அவர் போர்த்திய சால்வை கீழே விழாமல், இரண்டு தோள்கள் இருந்தால் எப்படி நிற்குமோ அப்படி நின்றது, எல்லாரும் கைதட்டினார்கள். பைபாஸ் ஓரத்தில் ஃபிளெக்ஸ் வைத்தார். அதில் கோட்டைச்சாமி அண்ணன், அவருடைய மகன், மச்சினன், கைக்குழந்தையான பேத்தி எல்லார் படமும் இருந்தது, நடுவில் பெரிய வட்டத்துக்குள் ஒன்றுமே இல்லை. பார்க்கப் பார்க்க அந்த ஒன்றுமில்லாததுக்குத்தான் ஒரு களை இருந்தது. பெற்றோர் வந்து நாற்காலிக்கு முன்னால் நின்று "அவன் வீட்ல புஸ்தகத்தையே தொடுறதில்ல டீச்சர், நல்லா நாலு போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். காலாண்டுத் தேர்வில் பாதி வகுப்பு தேறியது, அரையாண்டில் முக்கால் வகுப்பு.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் பிள்ளைகளுக்கு அதன்மேல் கோபம். அந்தப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் பணியிடமும் காலி, விளையாட்டுச் சாமான் அறை பூட்டிக் கிடந்தது, அதனால் வாரத்தில் இருக்கும் பி.டி. பீரியடுக்கு மைதானத்தில் சும்மா ஓடிப்பிடித்து விளையாடலாம் என்று அவர்கள் காத்திருப்பார்கள். கணக்கு ஆசிரியர்கள் உலகம் முழுக்க என்ன செய்வார்களோ அதையே காலி டீச்சரும் செய்தது. பி.டி. பீரியடுக்கு மணி அடித்ததும் சாக்பீஸ் வந்து நின்று, "புத்தகத்தை எடுங்கள்" என்று எழுதும். "ஆளில்லாட்டியும் இந்தப் புத்தி மட்டும் போகாதா" என்று பின்வரிசை முணுமுணுக்கும். டஸ்டர் பறக்கும்.

மார்கழிக் கடைசியில் கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாடத்தைக் கவனித்தார். நடுவில் அவருடைய போன் அடிக்க, சாக்பீஸ் துண்டு ஒன்று அவர் நெற்றியில் சரியாக வந்து விழுந்தது. நெற்றியைத் தடவிக்கொண்டே வெளியே வந்து எஸ்தர் டீச்சரைக் கேட்டார்:

"இதுக்கு சம்பளம்?"

"இல்லைங்க சார்."

"லீவு எடுக்குமா?"

"எடுத்ததில்லை."

"மாறுதல் கேட்டு அலையுமா?"

"எங்க சார் போகும்? அது காலியா இருக்கறதே இங்கதானே."

அதிகாரியின் முகம் சூரியகாந்திப்பூ மாதிரி மலர்ந்தது. "அருமை மேடம்! முன்மாதிரிப் பள்ளி! நாமதான் இவ்வளவு நாளா காலிப் பணியிடத்தை ஒரு பிரச்சினையா பார்த்துட்டோம். மத்த பள்ளிகள்லயும் காலியை நல்லா ஊக்குவிச்சா…"

எஸ்தர் டீச்சர் அவரையே பார்த்தார். "ஊக்குவிச்சா, சார்?"

"ஆள் போடவே வேண்டாமே!"

இதைக்கூட நான் மன்னித்துவிடுவேன், அதிகாரி அதிகாரி மாதிரிப் பேசினார். என்னால் தாங்க முடியாதது அடுத்த வாரம் நடந்த பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டம். இனிமேல் கணக்கு ஆசிரியர் கேட்டு மனு அனுப்ப வேண்டாம் என்று கோட்டைச்சாமி அண்ணன் தீர்மானம் கொண்டுவந்தார், கூட்டமும் தலையாட்டியது. பொங்கல் விடுமுறைக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த நான், அந்தப் பள்ளியின் பழைய மாணவி என்ற உரிமையில் எழுந்தேன்.

"ஏம்மா பல்கலைக்கழகம்," என்றார் அண்ணன், நான் வாயைத் திறக்கும் முன்பே, "ஆளு இல்ல, ஆளு இல்லன்னு அப்பக் கத்துன. இப்ப ஆளு இல்லாமலே நடக்குதுன்னா அதுக்கும் கத்துவியா?"

"அண்ணே, உங்க கடையில கல்லாவுல யாரும் உக்காராமலே வியாபாரம் நடந்துச்சுன்னா, மறுநாளே உங்க மகன் உங்களை வீட்ல இருக்கச் சொல்லிருவான். பரவாயில்லையா?"

கூட்டம் சிரித்தது. ஆனால் தீர்மானம் நிறைவேறியது. சிரிப்பு வேறு, ஓட்டு வேறு. கூட்டம் கலையும்போது எஸ்தர் டீச்சர் மட்டும் என்னிடம் வந்து மெல்லச் சொன்னார்: "மனு போன வாரமே போயாச்சு. அது பாடம் எடுக்குதேன்னு நான் கேக்காம இருந்தா, இல்லாததே நிரந்தரமாயிடும். அதுக்கா நான் இத்தனை வருஷம் டீ ஊத்துனேன்?"

மாசி பிறந்ததும், யாரும் எதிர்பாராத நேரத்தில், நான் மறுபடி ஊருக்கு வந்திருந்த ஒரு நாளில், ஊத்துமேட்டுக்குக் கணக்கு ஆசிரியர் வந்துவிட்டார். பெயர் இளவஞ்சி. ஸ்கூட்டரில் ஹெல்மெட்டோடும் மூன்றடுக்கு டிபன் கேரியரோடும் வந்து இறங்கினார். வேலைக்காக எத்தனையோ வருஷம் காத்திருந்து, இடையில் ஜவுளிக்கடையில் பில் போட்டு, டியூஷன் எடுத்து, கடைசியில் வேலை கிடைத்து வந்தால் பள்ளிக் கதவு சாத்தியிருக்கிறது, கதவுக்கு முன்னால் ஊரே நிற்கிறது.

"திரும்பிப் போயிருங்கம்மா," என்றார் கோட்டைச்சாமி அண்ணன். "உங்க மேல ஒண்ணும் கோவம் இல்ல. ஆனா நீங்க வந்து உக்காந்தா இந்த இடம் காலியா இருக்காது. காலியா இல்லாட்டி எங்க டீச்சர் இருக்காது. கொலைக்குச் சமானம்."

இந்த நியாயத்தைக் கேட்டு எனக்கு ரத்தம் கொதித்தது என்றுதான் சொல்ல வந்தேன். ஆனால் கதவைப் பிடித்துக்கொண்டு முன்வரிசையில் நின்றவள் தாமரைக்கனி. அவள் பேசியதைக் கேட்ட பிறகு என்னாலும் சட்டென்று எதிர்வாதம் வைக்க முடியவில்லை.

"நீங்க எப்ப மாறுதல் வாங்கிட்டுப் போவீங்க டீச்சர்?" என்று கேட்டாள்.

"இன்னும் உள்ளயே வரலையே பாப்பா, அதுக்குள்ள அனுப்புறியே."

"எங்க அக்கா படிக்கும்போது ஒரு சார் வந்தாக. ரெண்டு பாடம் நடத்துனாக, போயிட்டாக. அதுக்கு முன்னாடி ஒரு டீச்சர், பொங்கலுக்கு ஊருக்குப் போனவுக வரவே இல்ல. வர்றவுக எல்லாம் போறவுகதான். காலி டீச்சர் மட்டுந்தான் போகாது. பரிச்சைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு. என்னால வேன்ல ஏற முடியாது டீச்சர்."

இளவஞ்சி டீச்சர் ஹெல்மெட்டைக் கழற்றி இடுப்பில் இடுக்கிக்கொண்டார். "உங்க டீச்சர்கிட்ட நானே பேசிக்கறேன். அது வேண்டாம்னு சொன்னா வந்த வழியே போயிடறேன். அதைக் கேக்காம நீங்களா முடிவு பண்றது சரியா?"

அதைக் கேட்க வேண்டும் என்று ஊரில் ஒருத்தருக்கும், எனக்கும்தான், அதுவரை தோன்றவே இல்லை. பேச்சியம்மா அக்கா கதவைத் திறந்துவிட்டார்.

பத்தாம் வகுப்பில் பாடம் நடந்துகொண்டிருந்தது, அதாவது ஒரு பிள்ளைகூட இல்லாத வகுப்பில் சாக்பீஸ் தன்பாட்டுக்கு எழுதிக்கொண்டிருந்தது. ஊர் முழுக்க ஜன்னலில் நின்றது. தாமரைக்கனி உள்ளே போய்த் தன் இடத்தில் நின்றுகொண்டு, "டீச்சர், நீங்க போயிருவீங்களா?" என்று கேட்டாள்.

அன்றுவரை கணக்கையும் தேதியையும், புத்தகத்தை எடுங்கள் என்பதையும் தவிர வேறு எதுவும் எழுதியிராத சாக்பீஸ், பலகை முழுவதையும் அழித்துவிட்டு, மேலிருந்து கீழாக நிதானமாக எழுதியது:

உன் விடைத்தாளை என்னால் திருத்த முடியும். உன் வீட்டுக்கு வர முடியாது.

உன் அப்பாவிடம் பேச எனக்கு வாய் இல்லை.

இந்தப் பள்ளிக் கதவைத் தாண்டி என்னால் வர முடியாது. வேன் நிற்பது கதவுக்கு வெளியே.

தாமரைக்கனி படித்தாள். ஜன்னலில் நின்றவர்கள் படித்தார்கள், படிக்கத் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். தாமரைக்கனியின் அப்பாவும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கடைசி வரி:

ஆள் வேண்டும் என்று முதலில் கேட்டது நான்தான். அதற்காகத்தான் எழுந்து வந்தேன்.

சாக்பீஸ் மேசையில் படுத்தது. ஆசிரியர் அறையில் ஏதோ உரசும் சத்தம் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தால், கணக்கு நாற்காலி மேசையை விட்டுப் பின்னால் நகர்ந்து, யாரோ ஒருவர் உட்கார இடம் விட்டு நின்றிருந்தது. இளவஞ்சி டீச்சர் அதன் அருகில் போய், "உத்தரவு வாங்கிக்கறேன்" என்று சொல்லி உட்கார்ந்தார். சால்வை மெதுவாகச் சரிந்து அவர் தோளில் விழுந்தது. பிள்ளைகள் அழுத அழுகையை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் நானும் அழுவேன், எனக்கு வாதாடத்தான் வரும்.

மறுநாள் பதினோரு மணிக்கு இளவஞ்சி டீச்சருக்கு டீ ஊற்றிய பேச்சியம்மா அக்கா, கூடுதலாக இருந்த பழைய டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு தடுமாறி நின்றார். எஸ்தர் டீச்சர் எழுந்து போய், பூட்டிய விளையாட்டு அறைக்கு வெளியே ஒரு கால் உடைந்து சாய்ந்து கிடந்த உடற்கல்வி ஆசிரியரின் நாற்காலியைத் தூக்கி வந்து, உடைந்த காலுக்கு ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்து வைத்தார். "இதுக்கு முன்னாடி வைங்க. நம்ம பள்ளிக்கூடத்துல காலிக்கா பஞ்சம்?" டீ வைத்தார்கள். ஆறிப்போனது. அடுத்த நாளும் வைத்தார்கள். பங்குனி போய், தேர்வு முடிந்து, பள்ளி விடுமுறை விட்ட பிறகும் அலுவலக வேலைக்கு வந்த நாளெல்லாம் எஸ்தர் டீச்சர் வைக்கச் சொன்னார். ஒரு சொட்டுக் குறையவில்லை.

வைகாசியில் தேர்வு முடிவு வந்தது. வேனும் வந்தது. மிட்டாய்ப் பையும் வந்தது.

வகுப்பில் எல்லாரும் தேறியிருந்தார்கள், தாமரைக்கனியைத் தவிர. கணக்கில் இரண்டு மதிப்பெண் குறைவு. இதைச் சொல்லும்போது என் தோழிகள், "என்னடி இது, அவ்வளவு அதிசயம் நடந்தும் அவ பாஸாகலையா?" என்று சண்டைக்கு வருகிறார்கள். ஒன்பதாம் வகுப்புவரை ஒருத்தருமே சொல்லித்தராததை ஒரு வருஷத்தில் அதிசயம் வந்து சரிசெய்ய வேண்டும் என்றால், அதிசயத்தின் தலையில் எவ்வளவைத்தான் கட்டுவீர்கள்?

"வா பாப்பா, அக்கா மாதிரியே சமத்தா வா," என்றார் வேன்காரர், கதவைத் திறந்துவிட்டு.

தாமரைக்கனியின் அப்பா மறுபடியும் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் ஓரடி எடுத்து வைத்தாள். அப்போது இளவஞ்சி டீச்சர் பள்ளிக் கதவைத் தாண்டி வெளியே வந்து வேனுக்கு முன்னால் நின்றார். தாண்டியதும் ஒருகணம் திரும்பி, அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டார்.

"இந்தப் பிள்ளைக்கு அடுத்த மாசம் துணைத்தேர்வு இருக்கு. அதுக்கு நாளைக்கே நான் பணம் கட்டறேன். அவ எங்கயும் வரலை."

"நீங்க யாரு டீச்சர் சொல்றதுக்கு? அவங்க அப்பாவே சும்மா நிக்கிறாரு."

"அவரும் சொல்வாரு." இளவஞ்சி டீச்சர் அப்பாவின் பக்கம் திரும்பினார். "அண்ணே, ஒரு மாசமா உங்க வீட்டுக்கு வந்து பேசிட்டிருக்கேன். ஒவ்வொரு தடவையும் காபி குடுத்தீங்க, பதில் குடுக்கல. இப்பக் குடுங்க."

வேன்காரர் எரிச்சலோடு ஹாரனை அழுத்தினார். நீளமாக, காது அடைக்கிற மாதிரி.

அந்த ஹாரனுக்கு மேலே எழுந்தது ஒரு விசில் சத்தம். பள்ளிக்குள்ளிருந்து, பூட்டிக் கிடந்த விளையாட்டு அறையிலிருந்து, கூர்மையாக, முழு மூச்சோடு. முடிவு பார்க்க வந்து மைதானத்தில் நின்ற அத்தனை பிள்ளைகளின் தலையும் ஒன்றாகத் திரும்பியது. மறுபடியும் விசில். அதன் அர்த்தத்தை யாரும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை, வாழ்க்கையில் ஒரு பி.டி. ஆசிரியரைக்கூட அவர்கள் பார்த்ததில்லை. ஆனாலும் ஓடினார்கள், ஆறாம் வகுப்புப் பொடிசுகள் முன்னாலும் நெடியவர்கள் பின்னாலுமாக, கதவைத் தாண்டி, சாலைக்கு வந்து, வேனுக்கும் தாமரைக்கனிக்கும் நடுவில் ஒரு கை நீள இடைவெளி விட்டு வரிசை வரிசையாக நின்றார்கள். கதவைத் தாண்ட முடியாததின் சத்தம் கதவைத் தாண்டி வந்திருந்தது. மூன்றாம் விசிலுக்கு எல்லாரும் கையை நீட்டினார்கள். அதுவரை செருப்பையே பார்த்துக்கொண்டிருந்த அப்பா தலையைத் தூக்கி அந்த வரிசைகளைப் பார்த்தார், பிறகு இருமலோடு ஓரத்தில் நின்ற மூத்த மகளைப் பார்த்தார்.

"வண்டிய எடுய்யா," என்றார் வேன்காரரிடம். "எம்புள்ள பரிச்ச எழுதும்."

வேன் பின்பக்கமாகவே பைபாஸ்வரை போனது, திரும்புவதற்குப் பிள்ளைகள் இடம் கொடுக்கவில்லை. மிட்டாய்ப் பை தரையில் கிடந்தது. அதைப் பங்கு போட்டுக்கொண்டார்கள், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

உள்ளே போன பேச்சியம்மா அக்கா ஆசிரியர் அறையிலிருந்து கத்தினார்: "டீச்சர்! டம்ளர் காலி!"

தாமரைக்கனி துணைத்தேர்வில் தேறினாள். டி.சி. வாங்க வந்த அன்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் மைதானத்தில் இருந்தார்கள். இளவஞ்சி டீச்சர் கையில் சாக்பீஸோடு மைதானத்துக்கு வந்து, "எல்லாரும் உள்ள வாங்க, இன்னைக்கு இந்தப் பீரியடை நான் எடுத்துக்கறேன்" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆளில்லாத இடத்திலிருந்து விசில் ஒரு முறை சுருக்கமாக ஊதியது. "அடுத்த வாரமாவது?" என்றார் டீச்சர். இன்னும் சுருக்கமாக ஊதியது. பிள்ளைகள் ஹோ என்று கத்தினார்கள். அலுவலக ஜன்னல் வழியாகப் பார்த்தால் எஸ்தர் டீச்சர் தலையைக் குனிந்து, உடற்கல்வி ஆசிரியர் வேண்டும் என்று அந்த வருஷத்து மனுவை எழுதிக்கொண்டிருந்தார்.

"அக்கா," என்று தாமரைக்கனி பேச்சியம்மா அக்காவைக் கேட்டாள், "எல்லா இடத்துக்கும் ஆள் வந்துட்டா அது எங்க போகும்?"

"ஏன், பக்கத்து ஊருல பள்ளிக்கூடம் இல்லையா? அங்க போயி டீ குடிக்கட்டும். நம்மளே வச்சுக்கணும்னு என்ன இருக்கு?"

விசில் நீளமாக ஊதியது. தாமரைக்கனி டி.சி.யை இளவஞ்சி டீச்சரின் கையில் திணித்துவிட்டு, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, மைதானத்துக்குள் ஓடினாள்.